நூற்றைம்பதைத் தாண்டிய பூமிகா

பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்யும் ராஜமாணிக்கத்தின் மகள் பூமிகா. ஒன்பதாம் வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். பிரேயரில் முதல் ஆள், குரூப் போட்டோவில் முன்வரிசை. கோடை லீவு முழுக்க மோட்டார் கொட்டகை விட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள். "கைதான் நீளமாவப் போவுது, இறங்குடி" என்று அம்மா சந்திரகலா கத்தியும் கேட்கவில்லை. நூற்றைம்பது சென்டிமீட்டர் இருந்தால்தான் சுதந்திர தின அணிவகுப்பில் சேர்ப்பேன் என்று பி.டி. டீச்சர் திலகவதி சொல்லியிருந்தார்.

உயரமும் எடையும் எடுக்கிற நாள் வந்தது. வகுப்பில் ஒரே கூச்சல். எடை குறைவாகக் காட்ட வேண்டுமென்று ஒருத்தி நாஷ்டாவே சாப்பிடாமல் வந்திருந்தாள். இன்னொருத்தி உச்சந்தலையில் கொண்டை போட்டு வந்து திட்டு வாங்கினாள்.

சுவரில் தரையிலிருந்து மேலே வரைக்கும் சிவப்பு பெயின்டில் கோடு போட்ட அளவுகோல். பூமிகா அதில் முதுகை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள். டீச்சர் அவள் தலைமேல் ஸ்கேலை வைத்துப் படித்தார்.

"நூத்தி அம்பத்தொண்ணு!"

பூமிகா போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அன்றைக்கு எல்லோருமே ஏகத்துக்கு வளர்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

அழுதது அவளுடைய உயிர்த்தோழி சுமலதா மட்டும்தான். அவளுக்கு நூற்று எழுபத்திரண்டு. "லைட்டு கம்பம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"போன வருசம் நூத்தி அறுபத்தாறுடி. வளந்துகினே போறேன். எங்க போய் நிக்கும்னே தெரியல."

தேற்றுவதற்காகப் பூமிகா பக்கத்தில் குந்தினாள். அப்போதுதான் அளவுகோலின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. பத்து என்று எழுதிய இடத்துக்குக் கீழே ஏழு கோடுதான் இருந்தது. மீதி மூன்று கோடு? லீவில் போட்ட புது டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது!

சொன்னால் அணிவகுப்பு போச்சு. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் சுமலதாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ்! தரை ஏறிடுச்சு மிஸ்! நாங்க யாருமே இவ்ளோ வளரல!"

திலகவதி குனிந்து பார்த்தார். எண்ணிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். டேப் வந்தது. வகுப்பே அடித்துப்பிடித்து மறுபடியும் வரிசையில் நின்றது. சுமலதா நூற்று அறுபத்தொன்பது. "எழுபது இல்ல! எழுபது இல்லடி!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

பூமிகா நூற்று நாற்பத்தெட்டு. உதட்டைக் கடித்துக்கொண்டு நகரப் போனவளை டீச்சர் நிறுத்தினார்.

"இரு. போன வருசம் நீ நூத்தி நாப்பத்தொண்ணு. ஏழு வளந்துருக்க. இந்த கிளாஸ்ல வேற யாரும் அவ்ளோ வளரல!"

"ஏழா?" என்று பூமிகா அலறினாள். அவள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து வகுப்பே கை தட்டியது.

அணிவகுப்பில் அவளைச் சேர்க்கவில்லை. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி சுமலதா முதல் வரிசையில் நிமிர்ந்து நடந்து வந்தபோது, மைதானத்து ஓரத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்று, "சுமா! இன்னா நடைடி!" என்று தொண்டை கட்டுகிற வரை கத்தினாள்.