என் மகளை ஊமையாக்கிய என் சாட்சி

ஆண்டவரை நம்பும் என் உறவுகளே, போன வருஷம் நம் சபையில் எழுந்து நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். அது பொய்யாகிப் போனது. அந்தப் பொய் என் மகள் ஸ்டெல்லாவின் உயிரையே குடிக்கப் பார்த்தது. அதை முதலில் சொல்லாமல் ஆண்டவர் செய்த நன்மையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் இறந்த பிறகு வீட்டில் நானும் ஸ்டெல்லாவும்தான். ஈப்போவில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் எனக்கு வேலை. ஸ்டெல்லாவுக்கு அப்போது பதினைந்து வயது. ஒருநாள் பள்ளியிலிருந்து ஆசிரியை போன் செய்தார். ஸ்டெல்லா கழிவறையில் வேப் என்ற மின்சிகரெட்டை இழுத்து மயங்கி விழுந்துவிட்டாளாம். அதில் போதை மருந்து கலந்திருந்தது. பல மாதங்களாக இழுத்திருக்கிறாள். பெற்ற எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்து ரப்பர் குழாயால் அடித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அடித்தேன். அவள் சாப்பிடவில்லை. சுவருக்குப் பின்னால் யாரோ பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டாள். கன்னம் ஒட்டிப் போனது. வேலைக்குப் போனாலும், பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று மணிக்கொரு தடவை வீட்டுக்குப் போன் போடுவேன்.

பிள்ளையையும் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் சமூக மனநல கிளினிக்குக்குப் பள்ளியில் கடிதம் கொடுத்தார்கள். மனநலம் என்ற வார்த்தையே எனக்கு அவமானமாக இருந்தது. நம் பக்கத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று கேலி செய்ய, பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும். ஒரே ஒரு தடவை போனோம். ஈஸ்வரி என்ற மிஸ்ஸி பார்த்தார். நர்சுதான், ஆனால் ஊசியை எடுக்காமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் விபூதி இருந்தது. இவர் என்ன என் பிள்ளையைக் காப்பாற்றுவது என்று நினைத்தேன்.

பிறகு சபைச் சகோதரிகளோடு உபவாசம் இருந்து ஜெபித்தேன். மூன்று வாரம் ஸ்டெல்லா இழுக்கவில்லை. நான்காவது ஞாயிறு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "என் மகளைக் கர்த்தர் முழுவதுமாக விடுவித்தார்" என்று சாட்சி சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். தாப்பா, காம்பார் ஊர்ச் சபைகளிலிருந்தும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மிஸ்ஸி போன் செய்தார். "அக்கா, ஸ்டெல்லா வரலையே?"

"கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு மிஸ்ஸி. இனிமே வர வேணாம் லா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பின் அவள் அறையில் மாம்பழ வாசம் வர ஆரம்பித்தது. வேப் வாசம். சென்ட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். காம்பாரில் வாலிபர் கூட்டத்துக்கு ஸ்டெல்லாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நானே எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வாசித்துவிட்டு வந்து வாந்தி எடுத்தாள். பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் வேலை முடிந்து வந்தேன். ஸ்டெல்லா தரையில் கிடந்தாள். வலிப்பு. வாயில் ரத்தம், உதடு நீலம். பக்கத்து வீட்டு அண்ணன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். இரண்டு நாள் அவளுக்கு நினைவு வரவில்லை. நடைக்கூடத்தில் உட்கார்ந்து, "காப்பாத்துங்க ஆண்டவரே" என்பதைத் தவிர வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் கண் திறந்தாள். போதை மருந்தைக் கடைசியாக எப்போது இழுத்தாள் என்று டாக்டர் கேட்டார். உடம்பெல்லாம் குழாய் சொருகிக் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எப்போதோ நிறுத்திவிட்டாள்" என்று சொன்னேன். பழகிய வாய். ஸ்டெல்லா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் போனதும் மெல்லச் சொன்னாள்:

"நீங்க சபையில சொல்லிட்டீங்க. அப்புறம் நான் எப்படிம்மா சொல்றது? சொன்னா ஆண்டவர் பொய்யாயிடுவாரே."

உறவுகளே, என் கணவர் இறந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. வெளியே வந்து முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இனி அதிசயம் கேட்க மாட்டேன். இவள் என்னிடம் உண்மையைச் சொல்லட்டும். எவ்வளவு கெட்ட உண்மையானாலும் கேட்கிறேன்" என்று அழுதேன். எழுந்துபோய் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த போன் மிஸ்ஸிக்கு. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. விபூதி பூசிய பெண்ணை ஆண்டவர் அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை. யாரை அனுப்பலாம் என்று என்னைக் கேட்டுவிட்டா அவர் அனுப்புவார்?

வியாழக்கிழமைதோறும் இருவரும் போனோம். பாதி நேரம் அவளுக்கு, பாதி நேரம் எனக்கு.

"அவ மறுபடி இந்தப் பழக்கத்துல விழுந்தா என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டார் மிஸ்ஸி.

"அடிப்பேன்," என்றேன்.

"அப்போ அவ உங்ககிட்ட வர மாட்டா. ஒளிச்சு ஒளிச்சு செத்துப் போவா."

நான்கு மாதம் தாண்டியது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா சமையலறையில் வந்து நின்றாள்.

"அம்மா, நேத்து இழுத்துட்டேன். இன்னும் மிஸ்ஸிகிட்டகூட சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல."

கோபத்தில் கை தூக்கிவிட்டேன். நான் ஒன்றும் பரிசுத்தவாட்டி இல்லை. தூக்கிய கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். நான் கேட்டது இதைத்தானே! கெட்ட உண்மைதான், ஆனால் என்னிடம் வந்து சொன்னாள். அந்த இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னேன். பிறகு மிஸ்ஸிக்குப் போன் போட்டோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். தயவுசெய்து ஒளிக்காதீர்கள். ஆண்டவருடைய பெயரை நாம் பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டியதில்லை. என்னிடம் வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம், பிறகு கிளினிக்குக்கு நானே கூட வருகிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இதை அனுப்பும் முன் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். "எல்லாம் எழுதுங்க. குணமாயிட்டேன்னு மட்டும் எழுதாதீங்கம்மா," என்றாள். எழுதவில்லை. உயிரோடு இருக்கிறாள், என்னோடு பேசுகிறாள். இன்றைக்கு இதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.