ஐந்தாவது படி

பினாங்கிலிருந்து வந்தவர் எங்கள் பள்ளி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் குட்டிக்கரணம் போடுவதை வெகுநேரம் பார்த்தார். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம். பினாங்கில் அவருக்குக் கடைகள் இருந்தன. கடைகளுக்குப் பின்னால், அங்குள்ள நம் பிள்ளைகளுக்காக ஓர் உடற்பயிற்சிக் கூடமும் கட்டியிருந்தார். எங்கள் ஊரில் அவருக்குப் பெயரே பினாங்குக்காரர்தான்.

"கூடம் கட்டியாச்சு டீச்சர். பிள்ளைகளும் வருதுக. ஆனா கொரங்குக் குட்டி மாதிரி நெனச்சபடி குதிக்குதுக. ஒருத்தன் கையை ஒடிச்சுக்கிட்டான். எதுக்கப்பறம் எதைக் கத்துக்கணும்னு ஒரு வரிசை வேணும். ஒண்ணாப்பு, ரெண்டாப்பு இருக்குல்ல, அது மாதிரி. எழுதித் தருவீங்களா?"

தருவேன் என்றேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குளத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் டிரில் டீச்சர். அப்பா விராலிமலைச் சந்தைக்கு வண்டி ஓட்டினார். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். சென்னையில் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, "பொம்பளப் பிள்ளை தலைகீழா நிக்கிறதுக்கா பட்டணம் போயிட்டு வந்துச்சு?" என்று தெருவில் சிரித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நான் எழுதியதைப் பார்த்து விழுந்து எழப் போகிறார்கள் என்ற நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஐந்து படிகள் வைத்தேன். முதல் படி, விழுவது. விழத் தெரியாத பிள்ளைக்கு வேறு எதையும் சொல்லித்தரக் கூடாது. கையில் எதைப் பிடித்திருந்தாலும் விட்டுவிட்டு, உடம்பைச் சுருட்டி, தோளின் பின்புறமாக உருள வேண்டும். இரண்டாவது, நேர்கோட்டில் குட்டிக்கரணம். மூன்றாவது, சுவரோரம் கையூன்றித் தலைகீழாக நிற்பது. நான்காவது, பின்புறம் வில்லாக வளைந்து நிமிர்வது. ஐந்தாவது, இன்னொரு பிள்ளையின் தோளில் ஏறி நின்று, பத்து எண்ணும் வரை கைகளை விரித்திருந்து, தடுமாறாமல் குதிப்பது. தாங்குகிற பிள்ளையும் நாலாம் படி முடித்திருக்க வேண்டும். ஏறுகிற பிள்ளையைவிடக் கனமாகவும் இருக்க வேண்டும்.

பினாங்குக்காரர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். "மொதல்ல ஒங்க பிள்ளைகளை வச்சே பாருங்க. தை மாசம் நான் கப்பலேறுறதுக்கு முந்தி அஞ்சாவது படியைத் தாண்டுற பொண்ணு யாரா இருந்தாலும், புதுக்கோட்டையில ஹாஸ்டல்ல இருந்து ஹைஸ்கூல் முடிக்கிற வரைக்கும் என் செலவு."

இரண்டு பெண்கள்தான் நாலாம் படி வரை வந்தார்கள். ஒருத்தி ஊர்த் தலைவரான அம்பலகாரர் மகள். நல்ல சாப்பாடு, அகலமான தோள், அவசரப்படாத குணம். மற்றவள் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவள். அவள் அப்பா அம்பலகாரர் நிலத்தில் பண்ணையாள். எலும்பும் தோலுமாக இருப்பாள்; சின்னவள் என்றுதான் அவளைச் சொல்வோம். ஆனால் அவள் வளைவதைப் பார்த்தால் அந்த உடம்பில் எலும்பு உண்டா என்று தோன்றும். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவளைக் கடலைக் காட்டு வேலைக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஐந்தாவது படி அவளுக்கு விளையாட்டில்லை.

எடை பார்க்க இருவரையும் கடலை மண்டிக்கு அழைத்துப் போனேன். மூட்டை நிறுக்கும் தராசுப் பலகையில் அம்பலகாரர் மகள் முதலில் உட்கார்ந்தாள். "பாப்பா ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் கம்மி" என்று மண்டிக்காரர் சிரித்தார். சின்னவள் ஏறியதும் தட்டு அசைந்ததோடு சரி. அவள் இறங்கிய பிறகு பையனைக் கூப்பிட்டுப் பலகையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். திரும்பும் வழியில் அம்பலகாரர் மகள் அவளிடம், "நீ கோழி எடைதான்டீ. ஒன்னைத் தூக்கிக்கிட்டே நான் கண்மாயைச் சுத்தி வருவேன்" என்றாள். சின்னவள், "சுத்தி எங்கிட்டுப் போக? எங்க தெருவுக்கா?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

ஒரு மாதம், வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தோம். சின்னவள் ஏறி நின்றால் கம்பத்தில் கொடி நிற்பது மாதிரி நிற்பாள். கீழே இருப்பவள் கண்ணைக்கூடச் சுருக்க மாட்டாள். சாத்திய கதவே எனக்குப் போதுமான எச்சரிக்கை. ஊர் பார்த்தால் பொறுக்காது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. உடம்பு எதைச் செய்யுமோ அதை வைத்துத்தான் படி எழுதினேன். தெருவை வைத்து எழுதவில்லை.

செய்து காட்டும் நாளுக்கு முந்தின நாள் அம்பலகாரர் பள்ளிக்கு வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. எங்கள் கூரைக்குக் கீற்று கொடுத்தவர்.

"டீச்சர், ஒங்களுக்குத் தெரியாததில்ல. எம்மக தோள்ல அந்தப் பிள்ள காலை வச்சு நின்னா, நான் நாளைக்கு ஊருக்குள்ள எப்புடி நிக்கிறது? ரெண்டு பேரையும் மாத்தி நிக்க வைங்க."

"அந்தப் பிள்ளைக்கு எடை பத்தாதுங்க. ஒங்க மகளைத் தாங்காது."

"பண்ணையாள் பிள்ளதானே. நெல்லு மூட்டையே தூக்குது."

தலைமையாசிரியையான பெரிய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாற்று, இல்லாவிட்டால் நிறுத்து என்றார். நிறுத்தினால் சின்னவளுக்கு ஹாஸ்டல் இல்லை. பினாங்குக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஊர் வழக்கத்துல நான் தலையிட மாட்டேன். கீழ நின்னு தாங்குனாலும் தாண்டுனதாவே வச்சுக்கிறேன்" என்றார். பள்ளிக்குத் திரும்பி வந்து சொன்னதும், பெரிய மனசு என்று பெரிய டீச்சர் அவரைப் புகழ்ந்தார். நான் நிறுத்திவிடத்தான் நினைத்தேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள் சின்னவள்.

"நான் கீழ நிக்கிறேன் டீச்சர். பத்து எண்ணுற வரைக்கும்தானே."

"முடியாது பிள்ளை."

"கடலைக்காட்டுல நாள் பூரா நிக்கணும் டீச்சர்."

மறுநாள் முற்றத்தில் வைக்கோல் திணித்த சாக்குகளைப் பரப்பினோம். ஊர் பாதி வந்திருந்தது. சின்னவளின் அப்பா வேலிக்கு வெளியே நின்றார். அம்பலகாரர் மகள் ஏறினாள். சின்னவள் அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். அந்தக் கூட்டத்தில் யாரும் என்னை வேகமாக எண்ண விட்டிருக்க மாட்டார்கள். பாதி தாண்டியதும் சின்னவளின் முழங்கால் ஆடியது. மேலே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

"எறங்குறேன்டீ. நான் எறங்குறேன்."

"எறங்காத. நில்லு."

ஒன்பது சொன்னேன். அவள் கால் மடங்கியது. மேலே நின்றவள் பயிற்சியில் செய்த மாதிரியே குதித்து, இரண்டு காலும் சேர்த்துத் தரையில் நின்றாள். கீழே இருந்தவள் விழுந்தாள். விழுவதில் அந்தப் பள்ளியிலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் முதல் படியில் நான் சொல்லிக்கொடுத்ததை அவள் செய்யவில்லை. கையை விட்டுவிட்டு உருளவில்லை. மேலே நிற்பவள் விழுந்துவிடக் கூடாதென்று, அவள் குதிக்கும் கணம் வரை கணுக்காலை விடாமல் பிடித்திருந்தாள். இடது தோள் முதலில் தரையில் மோதியது, சாக்குக்கு வெளியே.

எலும்புக் கட்டுப் போடுகிறவர் கண்மாய்க் கரை வரை வந்தார். அவளைத் தொடவில்லை. அவர் தள்ளி நின்று சொல்லச் சொல்ல அவள் அப்பா மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறேன் என்றேன். "கட்டுப் போட்டாச்சு டீச்சர். இன்னொரு தடவ எங்களுக்காகப் பேசாதீங்க. நாங்க இங்கிட்டுதான் இருந்தாகணும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பினாங்குக்காரரைப் போய்ப் பார்த்தேன். பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்.

"பாவம்தான் டீச்சர். ஆனா பத்து ஆகலையே. நீங்க எழுதுன கணக்குத்தான்."

"நான் எழுதுனதுல கனமான பிள்ளைதான் கீழ நிக்கும். நீங்க பார்த்தது என் படி இல்லைங்க."

வேலையாளிடம் எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். காபி வருமுன் எழுந்து வந்துவிட்டேன். என் படிகள் அவர் பெட்டிக்குள் இருந்தன. தடுமாறாமல் குதித்தாளே என்று ஹாஸ்டலுக்கு அம்பலகாரர் மகளைப் பினாங்குக்காரர் கேட்டபோது, எங்கள் வீட்டுப் பிள்ளை ஹாஸ்டல் சோறு தின்னாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த இடம் யாருக்கும் இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் பினாங்கிலிருந்து ஒரு போட்டோ வந்தது. என் படிகளால் கூடம் சீராக நடப்பதாக ஒரு வரி எழுதியிருந்தார். பெரிய கூடம், வழுவழுப்பான தரை. ஒரு சீனப் பெண்ணின் தோளில் நம் பெண் ஒருத்தி கைகளை விரித்து நின்றாள். நான் எழுதியபடியே கீழே நின்றவள் கனமானவள். வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். பிறகு கடலைக் காட்டுக்கு நடந்தேன்.

சின்னவள் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். இடது கை தோள் மட்டத்துக்கு மேல் எழும்பவில்லை. வலக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போட்டோவை வாங்கினாள். மேலே நின்றவளின் கால்களைத்தான் முதலில் பார்த்தாள்.

"முட்டியை மடக்காம நல்லா நிக்கிறா டீச்சர்." கொஞ்சம் கழித்து, "கீழ நிக்கிறது யாரு வீட்டுப் பிள்ளை?" என்றாள்.

"தெரியலையே."

"மேல நிக்கிறவளுக்காவது தெரியுமா?"

"தெரியாமலும் இருக்கலாம்."

"தெரியாமலே ஏறிட்டாளா" என்றாள். போட்டோவில் மண் படாமல் விளிம்பைப் பிடித்து என்னிடம் நீட்டினாள். வரப்பிலிருந்து மேஸ்திரி அவளை அதட்டினான். அவள் குனிந்து அடுத்த செடியைப் பிடித்தாள்.