வாளியக்கா காப்பாற்றிய தெரு

கவிழ்த்து வைத்த நீல வாளியின் மேல் வாளியக்கா ஏறி நிற்கிறாள். வாங்க வந்த பெண்மணி "தாங்குமா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். அது போதும். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறு கையைக் கணவரின் தோளில் ஊன்றி அக்கா ஏறிவிடுவாள். ஏறியபின் லேசாக ஒரு குதி வேறு. "பாத்துக்கோங்க. உங்க வீட்டுத் தண்ணி என்னைவிடவா கனம்?" அக்கா ஒன்றும் பூஞ்சை உடம்புக்காரி இல்லை. வாளி ஒரு முறை முனகும், அவ்வளவுதான். உடைந்த நாளும் உண்டு. அன்றைக்குக் கணவர் சரியாகப் பிடிக்கவில்லை என்று தீர்ப்பாயிற்று.

நகரத்தின் மிகப் பழைய கடைத்தெரு அது. இரண்டு பக்கமும் வளைவு வைத்த முகப்புகள், மாடிகளில் வண்ணக் கண்ணாடி பதித்த மரச் சன்னல்கள். இத்தனை அழகுக்கு நடுவில் கண்ணைக் குத்துவது யார் கடை என்று கேட்டால் தெருவே ஒரு பக்கமாகக் கை காட்டும். அக்காவின் பிளாஸ்டிக் கடைக்கு முன்னால் இரண்டு தூண்கள். தூண்களின் தலையில் சுதையால் செய்த இலைக்கொத்து. அதைச் செய்தவன் எதற்காகச் செய்தானோ, குவளை மாட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது என்பது அக்காவின் கண்டுபிடிப்பு. அந்த இலைக்கொத்துக்கு அவள் வைத்த பெயர் காலிஃபிளவர். "அந்தக் காலிஃபிளவர்ல தொங்குது பாருங்க, பச்சை மக்கு, அதை எடுங்க" என்பாள் கணவரிடம். தூண்களைச் சுற்றி நாற்காலி, முக்காலி, துணிக்கூடை, குழந்தை குளிக்கும் தொட்டி. தூண் இருப்பதே மழைக்காலத்தில் சரக்கை உள்ளே இழுத்தால்தான் தெரியும்.

அந்தத் தூண்களைத் தேடிக்கொண்டுதான் தூண் மேடம் முதன்முதலில் வந்தாள். கட்டடக் கலை சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்றவள். தடித்த கண்ணாடி, தோளில் துணிப்பை. தெருவை மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்க வேண்டும் என்று ஒரு குழு சேர்த்து, கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். துணிக்கூடைகளை விலக்கித் தூணைத் தடவிப் பார்த்தவள் கண்கலங்கிவிட்டாள்.

"இதோட அருமை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். தூணைப் பாக்க நூறு பேரு வருவான். அதுல ஒருத்தன் ஒரு மக்கு வாங்குவானா? உங்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்தா..." என்று சொல்லி ஒரு தூசித் துணியை அவள் கையில் கொடுத்தாள் அக்கா. "தொடச்சுட்டுப் போங்க."

மேடம் நிஜமாகவே துடைத்துவிட்டுப் போனாள். அக்காவுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் துணியைத் திருப்பி வாங்கி வைத்துக்கொள்ள மறக்கவில்லை.

காரியத்தை மாற்றியது கணவரின் அண்ணன். கட்டடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. கீழே தம்பியின் கடை. மாடி அண்ணனுடையது, பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் பெரியவர் கட்டுமான நிறுவனத்து ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் தூணைத் தடவவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தான். இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம், மேலே எங்கேயோ தம்பிக்கும் ஒரு கடை என்று பேச்சு.

"எங்கேயோன்னா எங்கே பெரியத்தான்?" என்றாள் அக்கா.

"அஞ்சாவது மாடியிலம்மா. லிஃப்ட் வருது."

"வாளி வாங்க லிஃப்ட்ல யாரு வருவா?"

"காலம் மாறுதும்மா" என்றார் பெரியவர். பிறர் கடையைக் காலி செய்யச் சொல்லும்போது மட்டும் அவர் காலத்தைப் பற்றிப் பேசுவார்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். மனைவி சொன்னாலும் சரி என்பார், அண்ணன் சொன்னாலும் சரி என்பார். "இவரு தராசு முள்ளு மாதிரி. யாரு தட்டுல நிக்கிறாங்களோ அந்தப் பக்கம்" என்பது அக்காவின் மதிப்பீடு.

மறுநாள் காலை தூண் மேடத்தின் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். "மேடம், அந்த எரிட்டேஜ்னு சொன்னீங்களே, அது வந்துட்டா கட்டடத்தை இடிக்க முடியாதாமே, நெசமா?"

"ஆமாம், நிச்சயமா..."

"அப்ப அந்தத் தூணு எவ்வளவு அருமையான தூணு தெரியுமா மேடம்!"

அதன்பின் அந்தக் குழுவுக்குக் கால் முளைத்தது. மேடம் மாதக்கணக்கில் பேசி மடங்காத தையல்காரரும் பேக்கரிக்காரரும் அக்கா போய் நின்றதும் கையெழுத்துப் போட்டார்கள். கடிகாரக் கடைக்காரர் மட்டும் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். "நான் என்ன உங்க சொத்தையா எழுதி வாங்குறேன்?" என்று அக்கா கேட்ட குரலில் அவரும் போட்டார். அவளைக் குழுவின் துணைத்தலைவி ஆக்கினார்கள். ஆக்காவிட்டாலும் ஆகியிருப்பாள்.

மாநகராட்சிக் கூடத்தில் கருத்துக் கேட்பு நடந்தது. பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கட்டடம் இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்பதாக உருக்கமாகப் பேசினார். "மாடியில நாலு பேரு சேந்து நடந்தா கீழ சுண்ணாம்பு கொட்டுது சார். ஒரு உயிர் போச்சுன்னா யாரு பொறுப்பு?"

அக்கா எழுந்தாள். "உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்த கூட்டம் முழுக்க அந்த மாடியிலதானே தங்குச்சு? விடிய விடிய ஆடினாங்களே, அப்பக் கொட்டாத சுண்ணாம்பு, இடிக்கிறவன் வந்து நின்னதும் கொட்டுதா?"

கூடம் சிரித்தது. சிரிக்காத அதிகாரி, இன்னொரு உரிமையாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். கணவர் எழுந்து நின்றார். அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் பதிலுக்கு அவளால் எந்த உத்தரவாதமும் தர முடியாது.

"எனக்குப் பழகின இடம் சார்" என்றார் கணவர். "நான் அங்கேயே இருந்துடுறேன்."

அண்ணனுக்கு எதிராக அவர் வாய் திறந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் அக்கா கடை மூடும்போது, "மத்தியானம் சரியாச் சாப்பிட்டீங்களா?" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது என்பது கணவருக்குத் தெரியும்.

அறிவிப்பு வந்தது. தெருமுனையில் வெண்கலப் பலகை வைத்தார்கள். கூடவே விதிமுறைகளும் வந்தன. பெயர்ப்பலகை எல்லாம் ஒரே காப்பிக்கொட்டை நிறம். முகப்பில் எதையும் மாட்டக் கூடாது. தூணிலிருந்து ஒரு கை தூரத்துக்கு எந்தப் பொருளும் நிற்கக் கூடாது. தெருவின் தோற்றத்தோடு ஒட்டாத பளிச்சென்ற சரக்கு வெளியிலிருந்து கண்ணில் படக் கூடாது. மாநகராட்சி ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அக்காவின் முகம் நீண்டுகொண்டே போனது.

"இதுல என் கடையைத் தவிர வேற ஏதாவது தடை பண்ணிருக்கீங்களா?"

"நீங்கதானே துணைத்தலைவி?" என்றார் ஆய்வாளர் குழப்பத்துடன்.

வாளிகள் இருட்டுக்குள் போயின. வெளியே தூண்கள் இரண்டும் துலக்கமாக நின்றன. இது என்ன கடை என்று வழியில் போகிறவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் அருங்காட்சியகம் என்று நினைத்துச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். அக்கா புலம்பவில்லை. தானே கேட்டு வாங்கிய அடியை யாரிடம் காட்டுவது? ஆனால் தனக்கில்லாத பச்சை மக்கு இன்னொருவனுக்கும் இருக்கக் கூடாது என்று கிளம்பிவிட்டாள். தையல்காரரின் குழல்விளக்கை இறக்க வைத்தாள். பேக்கரியின் கோடு போட்ட பந்தலைப் பிரிக்கச் சொன்னாள்.

"அக்கா, நீங்க சொல்லித்தானே கையெழுத்துப் போட்டேன்?" என்றார் பேக்கரிக்காரர்.

"போடத்தான் சொன்னேன். படிக்காமப் போடச் சொன்னேனா?"

இப்போதெல்லாம் அக்கா தெருவில் இறங்கி நடந்தால் ஆய்வாளரே ஒரு கடைக்குள் ஒதுங்குவதாகக் கேள்வி.

பெரியவர் கொஞ்ச காலம் தம்பி வீட்டுப் பக்கமே வரவில்லை. விற்க முடியாத மாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மருமகன் ஒரு வழி சொன்னான். பழைய நாற்காலிகள், மங்கலான விளக்கு, வண்ணக் கண்ணாடிச் சன்னலோரம் மேசைகள். மாடி தேநீர்க்கூடம் ஆயிற்று. கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். கீழே கடையில் உட்கார்ந்தால் மேலே நடக்கும் காலடி முழுக்கக் கேட்கும். பெரியவரின் குரலும் கேட்கும். "இடிக்கணும்னு எத்தனை பேரு வந்தாங்க தெரியுமா? நான் விடல. எங்க பரம்பரைச் சொத்து, உயிரே போனாலும் விடமாட்டேன்னு நின்னேன்."

தூண் மேடத்துக்கு அதைக் கேட்டு ரத்தம் கொதித்தது. "நீங்க மேல போய் நாலு வார்த்தை கேளுங்க!"

அக்கா ஒரு வாளியின் தூசியைத் தட்டியபடி சொன்னாள்: "சொல்லிட்டுப் போகட்டும் மேடம். தினம் அம்பது பேருகிட்ட இப்படிச் சொன்னவரு, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விக்கப் போவாரு?"

போன வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, தம்பியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரு கையைத் தூணில் வைத்து, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பினார். படம் எடுப்பவர் கைகாட்டி, "அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க, தூண் முழுசா வரட்டும்" என்றார்.

அக்கா மறுபேச்சு இல்லாமல் தள்ளிக்கொண்டாள். தள்ளிக்கொண்டே, வாசற்படிக்கு உட்புறம் இருந்த பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் குப்பைக்கூடை ஒன்றை, விலைச் சீட்டு முன்பக்கம் தெரியும்படி, கால் கட்டைவிரலால் மெல்ல மெல்ல நகர்த்திப் பெரியவரின் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.