மாற்று அரசனுக்கு ஒரு பொன்னாடை

அசீரிய அரசர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிரகணத்தைப் பார்த்து, அரசனுக்குச் சாவு என்று சோதிடர்கள் சொன்னால், வேறொருவனைப் பிடித்து முடிசூட்டுவார்கள். பக்கத்தில் ஒரு பெண்ணை அரசியாக இருத்துவார்கள். உண்மையான அரசன் ஒதுங்கியிருப்பான். அவனுக்கு எழுதும் கடிதங்களில்கூட 'உழவர்' என்றே விளிப்பார்கள். அதிகம் போனால் நூறு நாள். பிறகு மாற்று அரசனையும் அரசியையும் கொன்று, அரச மரியாதையோடு அடக்கம் செய்வார்கள்.

இதை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வெக்ஸ்போர்ட்டில் கண்டவர்களையெல்லாம் மறித்து விளக்கியவன் நான். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தற்காலிகத் தலைவரானேன்.

தலைவர் அண்ணை, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். அவரைக் கவிழ்க்கச் செயலாளர் ஆள் சேர்க்கத் தொடங்கியதும், அண்ணைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று.

"கொஞ்ச நாளைக்கு நீர் இரும். நான் அஜக்ஸ் வீட்டில தக்காளி நடப்போறன்" என்றார்.

தக்காளி என்றதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மனைவிக்கு உறைத்தது. "இவ்வளவு காலமும் உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப ஏன் கேட்டவை?" என்றாள். என் திறமை இப்போதுதான் தெரிந்திருக்கிறது என்றேன். சங்கத்தின் சனிக்கிழமைப் பாட்டுக் குழுதான் அவளுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே கூட்டம். அதைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல் விட்டுவிட்டாள்.

கூட்டங்களில் நடுக்கதிரை எனக்கு. காரியங்களுக்கு எல்லோரும் அஜக்ஸுக்கே போன் எடுத்தார்கள். அங்கிருந்து வந்த கடிதங்களில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். அதிலொன்று, செயலாளரின் ஆட்கள் ஆறு பேரைச் சங்கத்தை விட்டு நீக்கும் கடிதம்.

பொதுக்கூட்டத்தில் செயலாளர் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, இது யார் செய்த வேலை என்று கேட்டார். அன்று அஜக்ஸிலிருந்து வந்திருந்த அண்ணை மேசையைப் பார்த்தபடி சொன்னார்:

"கையெழுத்து ஆரின்ரை எண்டு பாருங்கோவன்."

அரை மணித்தியாலத்தில் சமாதானம் வந்தது. ஆறு பேரும் உள்ளே. அண்ணை மறுபடி தலைவர், செயலாளர் உபதலைவர். நான் வெளியே. எங்கள் சங்கத்தில் அங்கத்துவம் குடும்பத்துக்கு. ஆகவே மனைவியும் வெளியே. பிறகு என் சேவையைப் பாராட்டி அண்ணை பொன்னாடை போர்த்தினார். கை தட்டினார்கள். போட்டோவில் எனக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது.

அடுத்த சனிக்கிழமை மனைவி பாட்டுக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு அதைப் பொன்னாடையோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்தாள்.

"அந்த அரசியைக் கொல்லமுன்னம்," என்று கேட்டாள், "என்னத்துக்கு எண்டு அவளுக்கு ஆரும் சொன்னவையோ?"

நான் படித்த புத்தகத்தில் அது இல்லை.