புளியில் ஊறிய ஜப்பான் குப்பி

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி, ஜப்பான்காரர் வீட்டில் சமையல் செய்த அக்கா, சின்ன காஞ்சிபுரத்து ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். அக்கா மட்டும் அரை மணி கழித்து வந்திருந்தால் வியாபாரம் சிக்கலில்லாமல் முடிந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து ஊர் திரும்பும் ஜப்பான்காரர்கள் விட்டுப்போகும் சாமான்களை அக்கா கொண்டுவந்து போடுவார், நான் விற்பேன். அப்படி வந்ததுதான் அந்தப் பீங்கான் குப்பியும் ஐந்து குட்டிக் கிண்ணங்களும். அடியில் ஏதோ முத்திரை. எட்டாவதோடு நின்றவனுக்கு அது எங்கே புரியும்? தீர்த்தப் பாத்திரம் என்று நானாகவே முடிவுகட்டி வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். பெருமாள் அலமாரியில் வைக்க அவரும் முந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். அது கரண்டு பில்லுக்குப் போய்விட்டது. திருப்பிக் கேட்டால் கையில் இல்லை.

அன்று அவர் எடுத்துப்போக வந்தார்.

“இன்னா தம்பி, சரக்கு செட்ட போயி சாருக்கா குடுக்கற?” என்றார் அக்கா.

நான் இருமினேன். பலனில்லை.

“சரக்குன்னா?” என்றார் வாத்தியார்.

“அரிசி சாராயம் சார். குப்பிய வெந்நீர்ல நிக்க வெச்சு சூடு பண்ணி, இந்தக் கிண்ணத்துல ஊத்திக் குடிப்பாங்க.”

“இதுல யாராவது குடிச்சிருக்காளா?”

“இது பரிசா வந்தது, அவங்க பெட்டியத் தொறந்தே நான் பாத்ததில்ல. சந்தேகம்னா அடியப் பாருங்க. பூச்சு இல்லாத இந்த வளையம் வெள்ளையா இருந்தா புதுசு. பொழங்கியிருந்தா கறை ஏறியிருக்கும்.”

ஆறையும் கவிழ்த்தோம். ஆறிலும் பழுப்பு.

மனைவி மெல்ல வாயைத் திறந்தாள். “பளிச்சுன்னு இருக்கட்டும்னு நான்தான் ரெண்டு நாளு புளியில ஊற வெச்சேன்.”

“பித்தளையா அது?” என்றேன்.

“இல்லன்னு நீ சொன்னியா? தீர்த்தப் பாத்திரம்னுதான சொல்லிக்கினு இருந்த.”

வாத்தியார் குப்பியை மூக்கருகே கொண்டுபோனார்.

“புளி வாசனைதான். சாத்தமுது, அதான் ரசம், வெக்கற ஈயச்சொம்பு மாதிரின்னா இருக்கு” என்றார். “பெருமாளுக்கு வேண்டாம்பா. மாத்திரை போட்டுக்க எனக்கு வெந்நீருக்கு ஆகும்.”

ஆறையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். முன்பணம் பிழைத்தது.

“மீதி?” என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

“ஆத்துக்காரியும் ஒருதரம் மோந்து பாத்துடட்டும்.”

மூன்று மாதமாகிறது. அந்த அம்மாள் இன்னும் மோந்துகொண்டிருக்கிறார் போலிருக்கிறது. பாக்கி தொள்ளாயிரம் ரூபாய்.