எல்லோருக்கும் ஒரே கேள்வி

கழுவிய சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் ஆய்வக அக்கா தாங்கியில் வைப்பாள். வருஷக்கணக்காகத் தற்காலிக வேலை. அன்று நிரந்தர வேலைக்கு நேர்காணல். கல்லூரி முதல்வருக்கு மூச்சுக்கு மூச்சு சமவாய்ப்பு. ஆண், பெண் யாரானாலும் ஒரே கேள்விதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"வேலை நிரந்தரமாயிட்டா பிள்ளைங்கள யாரும்மா பாத்துப்பாங்க?"

அதுவரை பிள்ளைகள் தாமாகவே வளர்ந்தன போலும்.

"அவங்கப்பா பாத்துப்பாரு சார்."

"ஐயோ பாவம், அந்த மனுஷன்!" முதல்வர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

வேலை பக்கத்து ஆய்வகத் தம்பிக்குப் போயிற்று. பிறகு ஒருநாள் அவனே சொன்னான்:

"என்கிட்டயும் அதையேதான்க்கா கேட்டாங்க. எம்பொண்டாட்டி பாத்துப்பான்னேன். குடும்பத்த கட்டுக்கோப்பா வெச்சிருக்கீங்கன்னு எந்திரிச்சு கை குடுத்தாரு."