டம்ளரில் வெட்டிய பெயர்

ஹப்சிகுடாவில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் ஒரு யூதத் தம்பதி இருந்தார்கள். டேனியல், லேயா. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஆண் குழந்தை பிறந்ததும் பெயரைக் கேட்டேன். "எட்டாம் நாள்தான் சொல்லுவோம் ஆன்ட்டி" என்று சிரித்தாள் லேயா.

எனக்குப் பொறுக்குமா? எங்கள் வீட்டில் தலைப்பிள்ளைக்கு அப்பாவழித் தாத்தா பெயர்தான். டேனியலின் அப்பா ஊருக்கெல்லாம் ஜாக். ஜெபத்தில் மட்டும் யாக்கோபு என்று லேயா முன்பே சொல்லியிருந்தாள். நம் வேதாகமத்து யாக்கோபேதான்! எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் அந்தப் பெயரைத் தமிழில் வெட்டி வாங்கிவிட்டேன்.

எட்டாம் நாள், பெயர் சூட்டும் முன்பே அதை நீட்டிப் பெருமையாகப் படித்தும் காட்டினேன். லேயாவின் முகம் வெளுத்தது.

"ஆன்ட்டி, உயிரோட இருக்கறவங்க பேரை நாங்க வைக்க மாட்டோம். இறந்தவங்க பேரைத்தான் வைப்போம்."

"கைக்கு? எதுக்கு உனக்கு இந்த அவசரம்?" என்று இந்த ஊர் உருதுவும் கலந்து என் கணவர் காதில் கடிந்தார்.

பேரனைப் பார்க்க வந்திருந்த ஜாக் பெரியவர் எழுந்து டம்ளரை வாங்கி, அதில் டீ ஊற்றச் சொல்லிக் குடித்தார். "இந்தப் பேரை நான் இன்னும் உபயோகிச்சுக்கிட்டு இருக்கேனே!" வீடே சிரித்தது. குழந்தைக்கு வேறு பெயர்கள் வைத்தார்கள். டம்ளரை அவரே ஊருக்குக் கொண்டுபோனார்.

இப்போது அவர்களும் ஊர் திரும்பிவிட்டார்கள். போன மாதம் லேயா ஒரு படம் அனுப்பினாள். இரண்டாவது பையனாம். வெளியே கூப்பிட ஜேசன், ஜெபத்துக்கு யாக்கோபு. தொட்டில் பக்கத்தில் அதே டம்ளர்.

வாழ்த்துச் சொல்வதற்கு முன், "ஐயோ, பெரியவரே" என்றுதான் என் வாயில் வந்தது.